சொந்த விருப்பத்தின் பேரில்

மகளிர் விடுதி, மாடி அறை 31
6 பிப்ரவரி 2006

அன்புள்ள சந்தியாவுக்கு,

நீ புகார் எழுதிக் கொடுத்துவிட்டு விடுதியை விட்டுப் போய் இன்றோடு பத்து நாள். உப்பள ஆபீசுக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் கணக்குப்பிள்ளை பக்கிரிதான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "பாப்பா, அப்பாவக் கூப்பிடவா?" என்றார். ஜான்சன் மாமா பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். அங்கே பேசினால் உப்பளம் முழுக்கக் கேட்கும் என்று உனக்கே தெரியும். அதனால்தான் கடிதம்.

உன் ஏழாம் எண் அறை பூட்டியே கிடக்கிறது. ஜன்னல் கம்பியில் உன் நீலத் துண்டு இன்னும் காய்கிறது. உன் துறை எழுத்தரைப் பார்த்தேன். மார்ச் இருபதாம் தேதிக்குள் வகுப்புக்கு வராவிட்டால் வருகை நாள் குறைந்துவிடும், ஹால் டிக்கெட் கிடைக்காது என்கிறார். வெளியே அறை எடுத்துத் தங்க உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. விடுதியை விட்டால் உனக்கு எம்.எஸ்சி. இல்லை. கோபத்துக்கு ஒரு வருஷப் படிப்பைக் கொடுக்காதே.

அன்றைக்கு மெஸ்ஸில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்து உப்பு கேட்டாய். கையை நீட்டினாய். நான் கிண்ணத்தை உன் முன்னால் மேசையில் வைத்தேன். மாடிப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததற்கு நான் என்னடி செய்வேன்? உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம். சத்தியமாக அவ்வளவுதான். திண்டிவனம் கல்லூரிக்கு மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போனவள் நான். என்னைத் தெரியாதா உனக்கு?

உடனே கிளம்பி வா.

உன்,
அம்சவல்லி


மரக்காணம்
12 பிப்ரவரி 2006

அம்சவல்லிக்கு,

உப்பைப் பற்றி எனக்கே பாடமா? நல்ல கூத்து. என் அப்பாவும் அம்மாவும் உங்கள் பாத்தியில் உப்பு வாரித்தான் என்னை வளர்த்தார்கள். உப்பைக் கையில் கொடுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். உப்போடு நிறுத்தியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஊறுகாய் பாட்டிலைக் கேட்டேன். அதையும் கீழேதான் வைத்தாய். தண்ணீர் ஜக்கைக் கேட்டேன். அதையும் கீழே வைத்து விரலால் என் பக்கம் தள்ளினாய். ஊறுகாய்க்கும் தண்ணீருக்கும் எந்தச் சாஸ்திரம் அம்சவல்லி? மூன்றாவதாக உப்பைக் கேட்டது சோதித்துப் பார்க்கத்தான்.

நான் புகார் கொடுத்தது உன் உப்புக் கிண்ணத்துக்காக இல்லை. ஜூலையில் சேர்க்கை எண் வரிசைப்படி அறை கொடுத்தார்கள். நீயும் நானும் வரிசையாகப் பணம் கட்டியதால் ஒரே அறை. நல்லபடியாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் வார்டன் அம்மா 'அறை மாற்ற விருப்பச் சீட்டு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்குள் மாடி முழுக்க ஊர்த்தெருப் பெண்கள். கீழ்த்தளத்தில், துணி துவைக்கிற கல் ஓரமாக, காலனிப் பெண்கள் பதினெட்டுப் பேரும் மலையிலிருந்து வந்த ஒருத்தியும். யாரும் யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. எல்லாவற்றையும் சீட்டே பார்த்துக்கொண்டது. அப்புறம் மெஸ்ஸிலும் மேசை பிரிந்தது.

நீ போனாய். பத்து நாளில் நம் அறையில் இருந்த மூன்றாவது பெண்ணும் போனாள். மூன்று கட்டில் உள்ள அறையில் ஐந்து மாதம் நான் ஒருத்தி படுத்தேன். நீ ஏன் போனாய் என்று அப்போது கேட்கவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. இப்போது கேட்கிறேன். சீட்டில் என்ன எழுதினாய்?

சந்தியா


மகளிர் விடுதி, மாடி அறை 31
19 பிப்ரவரி 2006

அன்புள்ள சந்தியாவுக்கு,

'அன்புள்ள' என்று போடக்கூட உனக்கு மனசு வரவில்லை. போகட்டும்.

ஊறுகாயைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மெஸ்ஸுக்குப் போகவில்லை. அது எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சீட்டில் எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன். இப்போது அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். உன் புகார் மேலே போய்விட்டது. மார்ச் பத்தாம் தேதி விசாரணைக் குழு வருகிறது. துணை வார்டன் வசந்தா மேடம்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தாராம். பெரிய வார்டன் அம்மா நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். சந்தியா நல்ல பெண், கோபக்காரி, அவ்வளவுதான் என்றார். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், மறுநாளே அறைச் சாவி உன் கையில் என்றார்.

ஒரு வரிதானே சந்தியா. எழுதிவிடு. அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தியாவது உன்னோடு கையெழுத்துப் போட்டாளா? நீ மட்டும் ஏன் தலையைக் கொடுக்கிறாய்? பரீட்சையை எழுதி முடி, அப்புறம் ஊரைத் திருத்தலாம்.

எங்கள் அப்பாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. போனில் அவர் பேசிய விதம் சரியில்லை. உங்கள் அப்பாவிடம் ஏதாவது சொன்னாரா?

அம்சா


மரக்காணம்
27 பிப்ரவரி 2006

அம்சவல்லிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் வார்டனிடமிருந்தும் ஒரு தபால் வந்தது. என் புகாரில் உண்மை இல்லையாம். அதற்கு அத்தாட்சி என்று உன் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருக்கிறார். எனக்குப் படித்துக் காட்ட உனக்குத் தைரியமில்லாத வரியை நான் உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

"சந்தியா தன் சொந்த விருப்பத்தின் பேரில் தனியாக இருக்கக் கேட்டுக்கொண்டதால் நான் அறை மாறுகிறேன்."

நான் கேட்டேனா? எப்போது கேட்டேன்? எந்த வாயால் கேட்டேன்?

எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன் என்று சென்ற வாரம் எனக்கே எழுதுகிறாய். புளுகு. மற்றவர்கள் எழுதியதைக் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் தெரியும். காரணம் என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நீ ஒருத்திதான் பழியைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டுப் போனாய். பத்தாம் தேதி குழு வந்து இந்தத் தாளைப் பார்த்ததும் எழுந்து போய்விடும். நான் பொய்ப் புகார் கொடுத்தவள் ஆவேன், விடுதியில் எனக்கு இடமும் இருக்காது. உனக்குத் தெரிந்துதான் ஒரு வரி எழுதிக்கொடு என்று கேட்டாய்.

இன்னொன்று சொல்கிறேன், கேள். இந்த வரியை நான் பார்ப்பது இது முதல்முறை இல்லை. 2001 வெயில் காலம். என் அம்மா ராசம்மாளுக்கு உப்பில் கால் வெடித்துப் புண்ணாகிவிட்டது, நாலு நாள் நிழலில் வேலை கேட்டாள். உன் அப்பா அவளை நிறுத்தினார். நிறுத்தியதற்கு ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்த நகலை நான்தான் படித்தேன். "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்." உருண்டை உருண்டையாக உன் கையெழுத்து. அப்போது நாம் பிளஸ் ஒன்.

மூன்று வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தேன், அதைப் பற்றி உன்னிடம் வாய் திறக்கவில்லை. அப்பன் சொன்னான், பிள்ளை எழுதியது, அதற்கென்ன தெரியும் என்று விட்டேன். இப்போது உனக்கு இருபத்தொரு வயது.

கேட்டாயே, உன் அப்பா வந்தார். பாத்தி வரப்பில் நின்றுகொண்டு, "ஜான்சா, உம் பொண்ணக் கொஞ்சம் சொல்லி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சந்தியா


மகளிர் விடுதி, மாடி அறை 31
3 மார்ச் 2006

சந்தியா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் அம்மாவின் தாள் என்று எனக்குத் தெரியாது என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. தெரியும். பெயரை நான்தான் எழுதினேன்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்பாவுக்கு எழுத்து வேலை நான்தான். பக்கிரிக்குக் கை நடுங்கும், என் எழுத்து அழகாக இருக்கும் என்று அப்பா கூப்பிடுவார். ஆளை நிறுத்தினால் எப்போதும் அதே வரி. 'தன் சொந்த விருப்பத்தின் பேரில்.' அப்படி எழுதிவிட்டால் நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். எத்தனை தாள் எழுதினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எழுதி முடித்ததும் ஆபீஸ் மேசையிலேயே கலர் சோடா வரும். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

போன ஆகஸ்டில் அப்பா கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் குங்குமம் கொடுக்க இங்கே வந்தார். பார்வையாளர் கூடத்தில் அறைப் பட்டியல் தொங்கியது. ஏழாம் எண்ணில் என் பெயருக்குக் கீழே உன் பெயர். கேட்டுக்கு வெளியே வந்து, "எங்கிட்ட உப்பு வார்றவன் பொண்ணும் நீயும் ஒரே ரூமா? மாறிக்க. இல்லன்னா மூட்டையக் கட்டு, இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றார். சீட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உடனே போய் வாங்கினேன்.

இதோடு நிறுத்தினால் பழி முழுக்க அப்பா மேல் போகும். அது நியாயம் இல்லை. காரணம் என்ற இடத்தில் நானும் ஒரு கோடு போட்டிருக்கலாம். கோடு போட்டால் ஏன் போகிறேன் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். எனக்கு நல்லவள் என்ற பெயரும் வேண்டும், மாடி அறையும் வேண்டும். பேனாவை வைத்ததும் பழகிய வரி தானாக வந்தது. மாடியில் போய்ப் படுத்த முதல் நாள் எனக்கு அழுகை வரவில்லை சந்தியா. நிம்மதியாக இருந்தது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

ஊறுகாயும் ஞாபகம் வந்துவிட்டது. மாடிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் விரல் என் விரலில் பட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன்.

நான் என்ன செய்யட்டும்? சொல்.

அம்சா


மரக்காணம்
6 மார்ச் 2006

அம்சவல்லிக்கு,

பாதிக் கடிதத்தில் மை கரைந்துவிட்டது, வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. இனி அழுதுகொண்டு எழுதாதே. உன் அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். உனக்கே தெரியும். எனக்கு எழுதியதைக் குழுவுக்கு எழுது. அதே கையெழுத்தில் எழுது. கெஞ்ச மாட்டேன். நீ எழுதினால் என் படிப்பு இருக்கும், எழுதாவிட்டால் போகும். அவ்வளவுதான்.

எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை உன் அப்பா கூட்டிக்கொண்டு போய்விடலாம். என் அப்பாவுக்கு இங்கே வேலை போகும். அதனால் அப்பாவிடம் கேட்டுவிட்டேன், உன்னைப் போல் கேட்காமல் அவர் விருப்பத்தை நானே எழுதிவிடவில்லை. வாருபலகையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "இந்த அளம் இல்லன்னா அந்த அளம். உனக்கு இன்னொரு காலேஜ் ஏதும்மா?"

தவக்காலம் தொடங்கிவிட்டது. கோபத்தை விடுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்தார். எனக்கு விட மனசில்லை. அதையும் தெரிந்துகொண்டே எழுது. நீ உண்மையைச் சொன்னால் நான் ஓடி வந்து கட்டிக்கொள்வேன் என்று நினைக்காதே.

காலையில் கடைசி வண்டிக்கு உப்பு வாரிவிட்டு வந்து எழுதுகிறேன். என் காலிலும் வெடிப்பு வந்துவிட்டது. இருபதாம் தேதிக்கு இன்னும் பதினான்கு நாள்.

சந்தியா


மகளிர் விடுதி, மாடி அறை 31
14 மார்ச் 2006

சந்தியா,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

குழுவில் மூன்று பேர். வசந்தா மேடம் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் நாலு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். அதை என்னையே படிக்கச் சொன்னார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கை நடுங்கியது, பக்கிரி ஞாபகம் வந்தது. சந்தியா கேட்கவில்லை, நான்தான் பொய் எழுதினேன் என்ற இடம் வந்தபோது பெரிய வார்டன் அம்மா குறுக்கே வந்து, இந்தப் பெண்ணை யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்றார். மிரட்டியது உண்மைதான், ஆகஸ்டில் எங்கள் அப்பா மிரட்டினார், இப்போது யாரும் மிரட்டவில்லை என்றேன். அந்த வரியை எங்கே கற்றேன் என்றும் சொன்னேன். உன் அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை, உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று விட்டேன்.

அப்புறம் எல்லாச் சீட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். எண்பத்து மூன்று சீட்டு. யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்தார்கள். ஊர்த்தெரு மாடியில், காலனி கீழே. படமே சொல்லிவிட்டது. இன்றைக்குப் பலகையில் உத்தரவு ஒட்டியிருக்கிறார்கள். விருப்பச் சீட்டு ரத்து. ஜூனிலிருந்து குலுக்கல் முறையில் அறை. மெஸ்ஸில் மேசைக்கும் எண் வருகிறது. உன் புகார் உண்மை என்று பதிவாகியிருக்கிறது, சாவி உனக்காக வசந்தா மேடத்திடம் இருக்கிறது.

பெருமையடிக்க இதை எழுதவில்லை. மாடியில் என்னோடு இப்போது யாரும் பேசுவதில்லை. குலுக்கலில் தங்கள் பெயர் எங்கே விழுமோ என்று என்னைத்தான் திட்டுகிறார்கள்.

அப்பா சனிக்கிழமை வந்தார். மூட்டையைக் கட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். அவர் என்னைக் கூட்டிப்போகவில்லை. கேட்டில் நின்று, "எம் மேலயே எழுதிக் குடுத்துட்ட. இனிமே நான் கூப்புடும்போது வூட்டுக்கு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வரவில்லை, பாவமாக இருந்தது.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். ஜூன் வரைக்கும் ஏழாம் அறைக்கே வந்துவிடலாம் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. இந்த முறை உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன்.

உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?

அம்சா


மரக்காணம்
17 மார்ச் 2006

அம்சா,

திங்கட்கிழமை இருபது. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன்.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலமே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பக்கிரி தாளை எழுதித் தயாராக வைத்திருந்தார், அதே வரி. மை டப்பாவைத் தள்ளினார்கள். அப்பா கைநாட்டு வைக்கவில்லை. உன் அப்பாவின் முகத்தைப் பார்த்து, "நிறுத்தறதுன்னா நீங்களே நிறுத்துங்க ஐயா. நானா நின்னேன்னு மட்டும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். முப்பது வருஷத்தில் அவர் அந்த ஆபீசில் பேசிய நீளமான பேச்சு இதுதான். திங்கள் முதல் வடக்கு அளத்தில் கலியன் மேஸ்திரியிடம் போகிறார். உன்னால்தான் போனது என்று எழுத நினைத்தேன். நீ சொன்னதால் போனது, நான் சொல்லச் சொன்னதால் போனது, அவரும் சரி என்றார். மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது.

அம்மாவின் பெயரை நீ சொல்லாமல் விட்டதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கலாமே என்றாள்.

மனுவைக் கொடுக்காதே. எனக்கு நீ அறைக்கு வருவது இப்போது வேண்டாம். எதிர்க்கட்டிலில் நீ படுத்திருந்தால் அந்த வரிதான் எனக்குத் தூக்கத்தில் வரும். ஜூனில் குலுக்கலில் உன் பெயர் என் அறைக்கு விழுந்தால் விழட்டும், நான் மறுக்க மாட்டேன். கேட்டாய் பார், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்கு வந்துவிடுவேன். மேசை எண்ணெல்லாம் வருவதற்கு முன்னால் என் எதிரில் வந்து உட்கார். மாடிப் பெண்கள் பார்க்கட்டும். நான் உப்பு கேட்பேன். சண்டை வரும் என்று கீழே வைக்காதே. சண்டைதான் வந்தாயிற்றே. கையிலேயே கொடு.

சந்தியா